ஏரோட்ரம் மாடன்

சண்முகப்ரியாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைத் திருவேங்கடம் வட்டாரத்திலேயே பார்க்க முடியாது. சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள். சத்தம் நின்றால்தான் அவளுக்குத் தூக்கம் கலையும். அவளைப் போய் ஆடு மேய்க்கிற வேல்ராஜுக்குக் கட்டிவைத்தார்களே, அதுவும் அந்த ஏரோட்ரத்துப் பக்கத்தில்!

உலகப்போர் சமயத்தில் வெள்ளைக்காரன் கரிசல்காட்டை வளைத்துப் போட்ட விமானத்தளம் அது. சண்டை ஓய்ந்ததும் ஓடுபாதையை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டான். மழைக்குச் சேறாகாத இடம் என்று ஆட்டுக்காரர்கள் அதன்மேல் கிடை போட்டார்கள். ஓரத்தில் பாதி புதைந்து ஓர் இரும்பு நின்றது. அதற்கு எண்ணெய் பூசி, குங்குமம் வைத்து, மாடனாக்கிவிட்டார்கள். பிள்ளைக்கு முதல் மொட்டை எடுத்தால் மாடன் காலடியில் கிடத்தி, மாடன் தலையில் ஓங்கித் தேங்காய் உடைக்க வேண்டும்.

அந்த இரும்பைக் கண்டாலே சண்முகப்ரியா தள்ளிப் போய் நின்றுகொள்வாள். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று மாமனார் பெத்துராஜ் சிரிப்பார்.

போன மாசியில் அவள் மகளுக்கு மொட்டை. பிள்ளையை மாமனாரிடம் கொடுத்துவிட்டு வழக்கம்போல் தள்ளி நின்றாள். பக்கத்தில் ஆடு வாங்க வந்த கறிக்கடை சாம்சன், முன்னாள் பட்டாளத்துக்காரர். இரும்பைப் பார்த்தவர் முகம் செத்துப்போயிற்று.

"மக்கா, அது சாமி இல்ல. குண்டு. வெடிக்காமக் கெடக்கு."

அவர் கத்தியது மேளத்தில் அமுங்கியது. அங்கே மாமனார் தேங்காயை ஓங்கிவிட்டார். எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. இரண்டு கையையும் இரும்பின் தலையில் வைத்து மூடினாள். தேங்காய் உடையவில்லை, அவள் விரல்கள் உடைந்தன.

"ஏட்டி, கிறுக்கு முத்திட்டா ஒனக்கு?"

"மாமா, குண்டு மாமா. பிள்ளையத் தூக்குங்க."

போலீஸ் வந்து ஊரைக் காலி செய்யவைத்து, தூரக் காட்டில் அதை வெடிக்கவைத்தார்கள். வீடுகளில் பாத்திரங்கள் உருண்டன. பெத்துராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வேல்ராஜ் மொட்டைக்கும் நாந்தான ஓங்கி அடிச்சேன்" என்றார்.

மாடனை விட முடியுமா? இரும்பு நின்ற குழியில் ஒரு கல்லை நட்டிருக்கிறார்கள். இப்போது தேங்காயைக் கையில் எடுத்ததும் பெத்துராஜ் மருமகளைத்தான் பார்க்கிறார். அவள் வளைந்த விரல்களால் கல்லைத் தடவிப் பார்த்துத் தலையசைக்க வேண்டும். அசைத்த மறுகணம் மகளை வாரிக்கொண்டு தூரப் போய் நிற்கிறாள். ஊர்ப் பெண்கள் எல்லாரும் இப்போது அவள் பக்கத்தில்தான் நிற்கிறார்கள்.