முத்துக்குமாரு அத்தானின் சாணை மெசின்

என் அக்கா பத்மாசினியின் புருசன் முத்துக்குமாரு இருபத்திரண்டு வருடம் கப்பலில் சமையற்காரராக இருந்தவர். 1974இல் ஒரேயடியாக மயிலிட்டிக்குத் திரும்பி வந்தார். ஏன் வேலையை விட்டீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "கடல் அலுத்துப் போச்சு" என்றார். நம்பினோம். கடல் யாருக்குத்தான் அலுக்காது?

உண்மை வேறு. அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியிருந்தது. எங்களுக்கு இது தெரிய வந்தது பிறகுதான். வாசிப்பவர்களும் என்னைப்போல விழித்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். அவருடைய தகப்பனுக்கும் கையில்தான் தொடங்கியது. இரண்டே வருடத்தில் தானாகச் சோறு தின்ன முடியாமற்போய், சாகும்வரை என் அக்காதான் ஊட்டினாள். தனக்கும் அதுதான் வருகிறது என்ற பயத்தை அத்தான் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார். அக்காவிடம் மூச்சுக்கூட விடவில்லை.

ஊரில் கத்தி தீட்டுவதென்றால் அவர்தான். லீவில் வரும்போதெல்லாம் அயலட்டைக் குசினிக் கத்திகள் அத்தனையும் அவரிடம் வந்துவிடும். இனிக் கல்லில் வைத்துத் தேய்த்தால் கை காட்டிக் கொடுத்துவிடும். அந்த நேரம் பார்த்துக் குருநகர்ச் செபநாயகத்தின் கடிதம் வந்தது. அத்தானோடு கப்பலில் இருந்தவர். அப்போது கொழும்பில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. அங்கே பழைய சாணை மெசின் ஒன்றைக் கழிக்கிறார்களாம். கத்தியைக் கவ்வியில் பூட்டிக் கம்பியில் சாய்த்துப் பிடித்தால் போதுமாம். கல் தண்ணீர்த் தொட்டிக்குள் மெல்லச் சுழல்வதால் கத்தி சூடேறாதாம். கம்பியில் சாய்த்தால் கை நடுங்கினாலும் கத்தி நடுங்காது. அத்தான் அன்றைக்கே பதில் எழுதினார்.

யாழ்தேவி ரயிலில் காங்கேசன்துறைக்கு வந்த பெட்டியைத் திறந்தால் விளக்கப் புத்தகம் இல்லை. கல் நம்மை நோக்கிச் சுழல வேண்டுமா, நம்மைவிட்டுச் சுழல வேண்டுமா? அத்தான் ஒரு பக்கம் என்றார், நான் மறுபக்கம் என்றேன். நான் தபால் கந்தோர்க் கிளாக்கர். மெசினைப்பற்றி எனக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. தொட்டியில் தண்ணீர் ஊற்றினோம், சற்று நேரத்தில் காணவில்லை. திரும்ப ஊற்றினோம், திரும்பவும் காணவில்லை.

"தொட்டியிலை ஓட்டை, அத்தான்" என்று சொல்லி நான் அடிப்பக்கம் முழுக்கத் தார் பூசினேன்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "கீழை ஒரு சொட்டு ஈரமில்லை, என்ன ஓட்டை? புதுச் சட்டி தண்ணி குடிக்கிற மாதிரிக் கல்லு குடிக்குது" என்றாள்.

அவள் சொன்னதுதான் சரி. கல் குடித்து முடித்த பிறகு மெசின் அழகாக ஓடியது. கருவாடு வெட்டி மழுங்கிய கத்திகூடத் தலைமயிரை அரிந்தது. அத்தானின் முகத்தில் அப்படியொரு சந்தோசத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பிறகு சரஸ்வதி பூசை வந்தது. நவராத்திரியின் அந்தக் கடைசி மூன்று நாளும் தொழில் செய்யும் சாமான்களைச் சாமிக்கு முன்னால் வைத்துவிடுவோம், தொடமாட்டோம். அத்தான் மெசினைத் துடைத்து, பொட்டு வைத்து, கும்பத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "சாமிக்கு முன்னாலை வெறும் ஏனம் வைக்கப்படாது" என்று தொட்டியில் விளிம்புவரை கிணற்றுத் தண்ணீர் நிரப்பினார்.

விஜயதசமியன்று முதல் இரண்டு கத்தியையும் அத்தான் ஒழுங்காகத் தீட்டினார். மத்தியானத்துக்குள் அத்தானின் பிடியில் கத்தி துள்ளத் தொடங்கியது. வெட்டுவாய் அலை அலையாகப் போனது. பார்த்தால் கல் சும்மா சுழன்றுகொண்டுதான் இருந்தது. மேசையின் ஒரு கால் கட்டை என்று நான் அதற்குக் கீழே மட்டை மடித்து வைத்தேன். அக்கா கண்ணூறு என்று செத்தல் மிளகாய் சுற்றி எரித்தாள். எல்லாரும் இருமினோம்; துள்ளல் நிற்கவில்லை.

"சபாபதி, மெசின்தான் துள்ளுதோ?" என்று அத்தான் மெதுவாகக் கேட்டார்.

"ஆடத் தெரியாதவள் நிலம் கோணல் எண்டாளாம்" என்று நான் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. மெசினை நிறுத்திச் சாக்கால் மூடினார். அதற்குப் பிறகு யார் கத்தி கொண்டு வந்தாலும் "கரண்ட் சரியில்லை" என்று திருப்பி அனுப்பினார். எங்களோடு இருந்து சாப்பிடுவதையும் விட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தப் பழமொழி சொன்ன என் வாயை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஐந்தாம் நாள் பூசணிக்காய் வெட்டக் கத்தி ஏறவில்லை. அக்கா எரிச்சலோடு சாக்கைத் தூக்கி எறிந்துவிட்டுத் தானே மெசினுக்கு முன்னால் இருந்தாள்.

"இஞ்சேருங்கோ! இதென்ன, இப்பிடித் துள்ளுது?"

கிணற்றடியில் நின்ற அத்தான் ஓடிவந்தார். "உனக்கும் துள்ளுதே?"

"துள்ளாமல்? கத்தி பறக்கப் பாக்குது."

"சபாபதி, நீ பிடி பாப்பம்."

பிடித்தேன். ஒவ்வொரு சுற்றிலும் கல்லின் ஒரே இடத்தில் கத்தி பள்ளத்தில் விழுந்து எழும்பியது. கல் வட்டமாகவே இல்லை. மூன்று நாள் அசையாமல் தண்ணீருக்குள் நின்ற பக்கம் ஊறி இளகி, தீட்டத் தீட்ட மற்றப் பக்கத்தைவிட விரைவாகத் தேய்ந்திருக்கிறது. வேலை முடிந்தால் தொட்டியை வெறுமையாக்கிவிட வேண்டும் என்று செபநாயகம் பிறகு எழுதினார்.

காரணமெல்லாம் அத்தானுக்கு அப்போது வேண்டியிருக்கவில்லை. "எல்லாருக்கும் துள்ளுது!" என்று கைகொட்டிச் சிரித்தார். பக்கத்து வீட்டு இராசமலரையும் கூப்பிட்டுப் பிடிக்கச் சொன்னார். அவளுக்கும் துள்ளியது. சந்தோசத்தில் தன்னை மறந்து, இத்தனை மாதம் ஒளித்து வைத்த வலது கையை அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினார். விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன.

"பார் பத்மா, இவ்வளவுதான்! கப்பலாலை வரேக்கை எவ்வளவோ, இப்பவும் அவ்வளவுதான். கூடேல்லை!"

அக்கா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை இரண்டு கையாலும் பிடித்து மடியில் அமுக்கிக்கொண்டு அழத் தொடங்கினாள். அத்தான் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மெசினிலைதான் பிழை எண்டு சொல்லுறன். பிறகேன் அழுகிறாய்?" என்று கேட்டார்.