செம்பருத்தியில் கறுத்த ஈரல்

நீங்கள் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்காமலே என்னை ஏமாற்றுக்காரி என்று முடிவு செய்து, அதை மைக்கிலும் சொன்னீர்கள். நடுவர் என்ற அட்டை உங்கள் சட்டையில் தொங்கியதால் யாரும் மறித்துப் பேசவில்லை. அன்று எனக்குப் பதில் தெரியாது. இப்போது பாதி தெரியும். அதனால் எழுதுகிறேன்.

நான் கொருக்குப்பேட்டையில் ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு உயிரியல் எடுப்பவள். எங்கள் ஆய்வக ஜன்னலுக்கு வெளியே சரக்கு ரயில் யார்டு. வேகன்கள் மோதிக்கொள்ளும்போது மேசை அதிரும். மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற செல்லும் சேர்ந்து நடுங்கும். புதிதாக வருகிற பிள்ளைகள் அதற்கு உயிர் இருக்கிறது என்று நினைத்து, ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு வந்து பார்ப்பார்கள்.

செல்லை அப்படியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தண்ணீரில் போட்ட கண்ணாடிச் சில்லு மாதிரி இருக்கும். சாயம் ஏற்றினால்தான் நடுவில் இருக்கும் உட்கரு கருநீலமாகத் துலங்கும். அதற்கு ஹிமடாக்சிலின் என்று ஒரு சாயம் வாங்குவோம். எங்கள் பாட்டிலில் இருந்தது அடியில் சேறாகிப் போயிருந்தது. புதிது கேட்டிருந்தோம், வரவில்லை.

அந்தச் சாயமே எங்கோ ஒரு நாட்டு மரக்கட்டையிலிருந்து எடுப்பது என்று வருஷா வருஷம் பாடம் நடத்துகிறேன். அப்போதெல்லாம் தோன்றாதது அன்று தோன்றியது. அந்த மரம் செய்வதை எங்கள் தெருவில் இருக்கிற ஏதாவது ஒரு செடி செய்யாதா?

ஆட்டு ஈரல் வாங்கப் போனேன். கறிக்கடை பாய்க்கு என்னைத் தெரியும். தம்மாத்துண்டு போதும் என்றதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னா டீச்சரம்மா, துன்றதுக்கா, சாமிக்கு காட்றதுக்கா?"

பார்ப்பதற்கு என்றேன். ஈரலைப் பார்த்துக்கொண்டே சோறு தின்கிற குடும்பம் இதுதான் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிச் சிரித்தார். ஆனால் அன்றைக்கு அறுத்ததிலிருந்து ஈரம் காயாத துண்டாகப் பார்த்துக் கொடுத்தார்.

வேலை சுலபம்தான். ஈரலை வெட்டி, வெட்டிய முகத்தை ஸ்லைடில் மெல்ல ஒற்றி எடுத்தால் செல்கள் ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிட்டில் முக்கிக் காயவைத்து, சாயத்தில் ஊறப்போட்டு அலச வேண்டும். பீட்ரூட் முதல் அலசலிலேயே ஓடிவிட்டது. மஞ்சள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஏறியது. எது உட்கரு, எது மிச்சம் என்று பிரிக்க முடியவில்லை. மருதாணி துருப்பிடித்த தகரம் மாதிரி ஆக்கியது. ஆய்வக உதவியாளராக இருக்கும் அக்கா எனக்கு முன்பிருந்தே எங்கள் பள்ளியில் இருப்பவர். அவர் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டே, நாளைக்கு ரசம் ஊற்றிப் பார்க்கலாமா என்று கேட்டார். புளி வாங்கி வரட்டுமா என்றும் கேட்டார்.

பள்ளிச் சுவரோரம் நின்ற செம்பருத்தியைப் பறித்ததும் அவர்தான். இதழ்களைக் காயவைத்து, தண்ணீரும் வினிகரும் ஊற்றிக் கொதிக்கவிட்டு, படிகாரம் போட்டு வடிகட்டினோம். சாறு கறுத்திருந்தது. பூவின் குணம் போல என்று விட்டுவிட்டேன்.

ஸ்லைடைப் பார்த்தேன். கண்ணை எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். ஒவ்வொரு செல்லின் நடுவிலும் ஒரு கருநீல உருண்டை. கடைச் சாயத்தில் வருவது மாதிரியே, சில இடத்தில் அதைவிடச் சுத்தமாக. வகுப்பையே வரிசையில் நிற்க வைத்தேன். எதையும் சுலபத்தில் நம்பாத ஒரு பெண் எங்கள் வகுப்பில் உண்டு. அவள் லென்சை விட்டு நகரவே இல்லை.

"மிஸ், எல்லாத்துக்கும் நடுவுல ஒரு கண்ணு கீது."

அந்த ஸ்லைடுகளைத்தான் ஊரின் தெற்கு முனையில் நடந்த உங்கள் அறிவியல் கண்காட்சிக்குக் கொண்டு வந்தோம். நான், அக்கா, அந்தப் பெண்ணையும் சேர்த்து நான்கு பிள்ளைகள். நடுவர் முன்னால் ஒரு ஸ்லைடைச் செய்து காட்ட வேண்டும் என்பது விதி. கிளம்புவதற்கு முன் பள்ளியிலேயே காய்ந்த இதழ், வினிகர், படிகாரம், ஸ்டவ், ஈரல் ஒற்றிய ஸ்லைடு எல்லாம் எடுத்துவைத்தோம். தண்ணீர் என்று வந்தபோது அக்கா குழாயைப் பார்த்து முகம் சுளித்தார். எங்கள் பள்ளியில் போர்வெல் தண்ணீர். பிடிக்கும்போது தெளிவாக இருக்கும். வாளியில் கொஞ்ச நேரம் வைத்தால் டீ நிறத்துக்கு வந்து, அடியில் செம்மண் மாதிரி படியும். அதில் துவைத்த வெள்ளைச் சட்டை மறுபடியும் வெள்ளையாகாது.

"இந்த கலீஜ் தண்ணிய அங்க எட்துகினு போனா நம்ம மானம் பூடும் மிஸ்ஸு. கேன் தண்ணி வாங்கிக்கலாம்" என்றார்.

நானும் சரி என்றேன். எனக்கும் அதே வெட்கம் இருந்தது. வெளியிடத்துக்குப் போகும்போது நல்லதை எடுத்துக்கொண்டு போவதுதானே இங்கே எல்லோருக்கும் பழக்கம்.

உங்கள் கண்ணெதிரே கொதிக்க வைத்தோம். சாறு ரோஸ்மில்க் நிறத்தில் வந்தது. ஸ்லைடில் வெளிறிய ரோஸ் பூச்சு மட்டும். நடுவில் ஒன்றுமே இல்லை. நீங்கள் அதைப் பார்த்தீர்கள், நாங்கள் காட்சிக்கு வைத்திருந்ததைப் பார்த்தீர்கள். அந்த இடத்தில் நான் இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன். சந்தேகப்பட்டதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. ஏன் இப்படி வந்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீங்கள் மைக்கை வாங்கினீர்கள்.

"இது செம்பருத்தி இல்ல மேடம். கடைல வாங்கின ஹிமடாக்சிலின். பசங்களுக்குப் பொய் சொல்லக் கத்துக்கொடுக்காதீங்க."

வேனில் திரும்பினோம். பேசின் பிரிட்ஜ் தாண்டியதும் அந்தப் பெண் என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள்.

"மிஸ், நெசமாவே நீங்க கலந்தீங்களா?"

கோபமாகக் கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லியிருந்தால் மன்னித்திருப்பாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. இல்லை என்றேன். அவள் தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தலைமையாசிரியர் ஸ்லைடுகளை வாங்கிப் பீரோவில் பூட்டினார். பூ, இலை விளையாட்டெல்லாம் போதும் என்றார்.

எனக்குப் போதவில்லை. பள்ளி விட்ட பிறகு தினமும் கொதிக்க வைத்தேன். மழையில் நனைந்த பூ என்பதாலா என்று வேறு செடியில் பறித்தேன். வினிகரை மாற்றினேன். ஈரல் பழசாகிவிட்டதோ என்று பாயிடம் சண்டைக்குப் போனேன். எல்லாமே ரோஸாகவே வந்தன. நான் நிஜமாகவே எதையாவது கலந்துவிட்டேனோ, பழைய பாட்டில் சேறு பாத்திரத்தில் ஒட்டியிருந்ததோ என்று என்மீதே எனக்குச் சந்தேகம் வந்தது.

இத்தனை நாளும் கண்காட்சிக்கு வாங்கிய கேனில் மிஞ்சிய தண்ணீரைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தோம். நல்ல தண்ணீரை யார் கீழே கொட்டுவார்கள்? ஒரு நாள் கேன் தீர்ந்துவிட்டது. அக்கா குழாயில் பிடித்து அடுப்பில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் வந்து இதழைப் போட்டேன். சிவப்பு கறுத்து, நாவல்பழ நிறமாகி, மை மாதிரி ஆனது. அக்காவைக் கூப்பிட்டு, என்ன போட்டாய் என்று கத்தினேன்.

"நா இன்னாத்த போட்டேன்? கொயா தண்ணி ஊத்துனேன். அதுக்கு ஏன் என்னாண்ட எகிர்றே?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூலையில் இருந்த வாளியைப் பார்த்தோம். அடியில் துரு.

மறுநாள் வகுப்பில் புதிதாக வாங்கிய கேன் தண்ணீரைப் பிள்ளைகளை விட்டு இரண்டு பாத்திரத்தில் ஊற்ற வைத்தேன். இரண்டிலும் அதே இதழ், வினிகர், படிகாரம். ஒன்றில் மட்டும், ஜன்னல் சட்டத்திலிருந்து பிடுங்கிய துருப்பிடித்த ஆணி ஒன்று. நான் எதையும் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றேன். ஆணி போட்ட சாறு கறுத்தது. அதில் போட்ட ஸ்லைடில் உருண்டைகள் வந்தன. மற்றது ரோஸ். பூவின் நிறத்தை உட்கருவில் பிடித்து வைத்தது எங்கள் தண்ணீரில் இருந்த இரும்பு. நாங்கள் எதைப் பார்த்து வெட்கப்பட்டோமோ அதைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம்.

பிறகு பிள்ளைகள் விடவில்லை. வீட்டுக்கு வீடு பாட்டிலில் தண்ணீர் கொண்டு வந்தார்கள். லாரித் தண்ணீர் வெளிறியது. வியாசர்பாடி அடிபம்புத் தண்ணீர் எங்களுடையதைவிடக் கறுப்பு. எண்ணூரிலிருந்து வரும் பையன் கொண்டு வந்தது பாசிப்பச்சைக்குப் போனது. ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று கரும்பலகையில் எழுதினேன். யாரும் அழிக்கவில்லை. இரும்பு ஏன் உட்கருவைத் தேடிப் போகிறது, ஏன் மற்ற இடத்தில் ஒட்டவில்லை என்பதையும் அதன் கீழே அந்தப் பெண் எழுதிவைத்தாள். ஆனால் என்னிடம் அவள் வேனில் கேட்டதற்கு, நம்புகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை. ஆணி எதைக் காட்டினாலும், அந்த மேடையில் சொன்னதை நீங்கள் இன்னும் மாற்றிச் சொல்லவில்லை அல்லவா?

உங்களுக்கு போன் செய்தேன். முடிந்த விஷயம், முடிவை மாற்ற முடியாது என்றீர்கள். நான் முடிவை மாற்றச் சொல்லவில்லை. பரிசைக் கேட்கவும் இல்லை.

எங்கள் பள்ளிக்கு வாருங்கள். உங்கள் தண்ணீரையும் கொண்டு வாருங்கள். பூவை நீங்களே பறியுங்கள், அடுப்பை நீங்களே பற்றவையுங்கள். பார்த்துவிட்டு, நான் கடைச் சாயத்தைக் கலந்தேனா இல்லையா என்று சொல்லுங்கள். என் காதில் சொன்னால் போதாது. என் வகுப்புப் பிள்ளைகள் முன்னாலும், அன்று அந்த அரங்கில் இருந்த எல்லோருக்கும் போய்ச் சேரும்படியும் சொல்லுங்கள். கலந்தேனா, இல்லையா?