எடுத்த இடத்தில் வைக்கிற வண்டி

திரும்பி வந்த வண்டியின் கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, பரக்கத் பீவி மோந்து பார்க்கிறார். முன் இருக்கையில் ஒரு தரம், பின் இருக்கையில் ஒரு தரம். பிறகு வண்டியை எடுத்துப்போனவரைத் திரும்பிப் பார்த்து, "இறாலு ஏத்தினியா?" என்று கேட்கிறார். அந்த மனிதர் திருத்தணிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வருகிறார், தலையில் சந்தனம்கூட முழுசாகக் காயவில்லை. அதனால் என்ன? "சந்தனத்துக்குக் கீழ இறால் வாசன வருதே" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துகிறார். தன் மூக்கு தப்பு சொன்னதாக அவர் இதுவரை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

பழவேற்காட்டுக் கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள பழைய வீடு அவருடையது. வீட்டை ஒட்டிய தோட்டத்தில் மூன்று வாடகைக் கார்கள் நிற்கின்றன. கறுப்பு நம்பர் பலகை, மஞ்சள் எழுத்து. டிரைவர் கிடையாது. உரிமம் வைத்திருப்பவர்கள் எடுத்துக்கொண்டு தாங்களே ஓட்டிப் போகலாம். வெள்ளை வண்டி பெரியவள், சிவப்பு நடுவுலவள், சாம்பல் நிறத்தது சின்னவள். மூவருக்கும் தனித்தனி இடம் உண்டு. ஏரிக் கிளிஞ்சல்களை வரிசையாகப் பதித்து எல்லை கட்டியிருக்கிறார். பரக்கத் பீவிக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் யாராவது வண்டியைப் பின்னால் எடுத்தால் போதும், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நடுவில் வந்து நின்று, "ஒடி, ஒடி, இன்னும் ஒடி" என்று கையை ஆட்டுவார். ஒரு சக்கரம் கிளிஞ்சலைத் தாண்டினாலும் மறுபடி முதலிலிருந்து.

வாடகைக்குப் போன வண்டி வழியில் இருக்கும்போது ஒரு தரமாவது போன் போடுவார். போனவர்கள் சாப்பிட்டார்களா, போய்ச் சேர்ந்தார்களா என்றெல்லாம் கேட்கமாட்டார். "அவ எப்டிகீறா?" என்பார். புது ஆட்கள் குழம்பிப்போய்ப் பக்கத்தில் இருக்கும் மனைவியைப் பார்ப்பார்கள்.

அவருடைய தொழிலுக்கு ஒரே ஒரு சட்டம்தான். "எடுத்த எடத்துல வெய்யி." சமையலறையில் அரிவாள்மணைக்கும் தேங்காய்த் துருவிக்கும் என்ன சட்டமோ அதுவேதான் காருக்கும். ஒரு வழி மட்டும் போய் வண்டியை அங்கேயே விடுகிறேன், அதற்கு மேல்தொகை தருகிறேன் என்று சென்னைக்காரர்கள் எத்தனையோ பேர் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். ஒருவர் கேட்கக்கூட இல்லை. பொன்னேரி ஸ்டேஷன் வாசலில் சின்னவளை நிறுத்திவிட்டு, சாவி பெட்டிக்கடையில் இருக்கிறது, ஆளை அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று போன் செய்தார். "அது என் வண்டி இல்லப்பா. என் வண்டின்னா என் வூட்ல இருக்கும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார் இவர். பாவம், ரயிலை விட்டுவிட்டு வண்டியோடு திரும்பி வந்தார் அந்த மனிதர். வந்தவருக்கு டீ கொடுத்து, வண்டியை மோந்து பார்த்து, மறு ரயிலுக்கு ஆட்டோவும் பிடித்துக் கொடுத்தார். கோபத்தைத் தொடர்ந்து வைத்திருக்க அவருக்கு வராது.

கணவர் கௌஸ் மைதீன் இருந்த காலத்தில் இறால் ஏற்றும் வேன்தான் இருந்தது. அவர் இறந்த பிறகு பரக்கத் பீவி வேனை விற்று முதல் காரை வாங்கினார். ஏரிக்கரைக் குப்பங்களில் இன்று லைசென்ஸ் இல்லாத இளைஞன் இல்லை, கார் வைத்திருப்பவன்தான் இல்லை. நிச்சயதார்த்தத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, மாமியார் வீட்டுக்கு என்று தானே ஓட்டிக்கொண்டு போய் இறங்குவதில் அவர்களுக்கு ஒரு கௌரவம் இருக்கிறது. அந்தக் கௌரவத்தைத்தான் பரக்கத் பீவி வாடகைக்கு விடுகிறார்.

இந்தச் சட்டத்துக்கு எதிரி குடும்பத்துக்குள்ளேயே இருந்தான். மகன் ஆதில், சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கார் வாடகைக் கம்பெனியின் கவுன்டரில் வேலை பார்ப்பவன். அங்கே ஓர் ஊரில் எடுத்த காரை இன்னோர் ஊரில் விட்டுவிட்டுப் போகலாம். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. ஆனால் கம்பெனி இடம் குறித்து வைத்திருக்கும் ஊர்களில் மட்டும்தான் விட முடியும். பழவேற்காடு அதில் கிடையாது. அதைச் சேர்க்க வேண்டும் என்று ஆதில் ஒரு வருஷமாக மேலிடத்தில் மன்றாடிக் கொண்டிருந்தான். வார இறுதியில் ஏரிக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் அத்தனை பேர், காரை இங்கே விட்டால் என்ன, இங்கே எடுத்தால் என்ன? கம்பெனி ஒத்துக்கொண்டால் இடம் அம்மாவின் தோட்டம்தான். பார்த்துக்கொள்ள ஆதிலையே இங்கே அனுப்பிவிடுவார்கள். மனைவி ரிஃபாவோடு வீட்டுக்கே வந்துவிடலாம்.

ஒரே ஒரு நிபந்தனை. அம்மாவின் மூன்று வண்டிகளும் கம்பெனியின் முறைக்குள் வர வேண்டும். போகிற வண்டி சென்னையில் தங்கும், திருப்பதியில் தங்கும், எங்கே விட்டார்களோ அங்கே தங்கும்.

மூன்று வருஷமாக மகன் பெருநாளுக்கு மட்டும் வருகிறான், பிரியாணி சூடு ஆறுவதற்குள் கிளம்பிவிடுகிறான். அவன் வந்து இந்த வீட்டில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர பரக்கத் பீவிக்கு வேறு ஆசை இல்லை. ஆனாலும் வண்டி போகக் கூடாது. மகன் வர வேண்டும், வண்டி போகக் கூடாது. இரண்டும் சேர்ந்து நடக்காது என்று ஆதில் போனில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனான். கடைசியில் கம்பெனியிலிருந்து தேவதர்ஷினி என்ற அதிகாரி நேரில் வந்து இடத்தையும் வண்டிகளையும் பார்ப்பதாக ஒரு வெள்ளிக்கிழமைக்கு முடிவாயிற்று. மூன்று வண்டியும் இருக்க வேண்டும் என்று ஆதில் கெஞ்சிக் கேட்டுக்கொண்டான்.

அதற்கு முந்தின வியாழக்கிழமை சாயங்காலம் கோட்டைக்குப்பம் சிங்காரம் சிரித்த முகத்தோடு வந்து சிவப்பு வண்டியின் சாவியை நீட்டினார். சிங்காரம் ஏரியில் தொழில் செய்கிறவர். மகள் திவ்யாவை எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில் இதே ஏரியின் கரையில் இருக்கும் ஒரு குப்பத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறார். வளைகாப்புச் சீரை எடுத்துக்கொண்டு, சுண்ணாம்புக்குளம், எளாவூர் என்று சுற்றி, சோதனைச் சாவடியில் அனுமதிச் சீட்டெல்லாம் ஒழுங்காக வாங்கித்தான் போயிருந்தார்.

பரக்கத் பீவி சாவியை வாங்கிக்கொண்டு வாசலை எட்டிப் பார்த்தார். தெருவில் ஓர் ஆடு நின்றது. வண்டி எங்கே என்று கேட்டார்.

"அது அங்க கரையில கீதுக்கா. மருமவன் படகு இந்தாண்ட வந்துச்சு, ஏறிக்கினு வந்துட்டேன். ரோட்ல சுத்திக்கினு யாரு வர்றது?"

சிங்காரம் இதைக் குறும்பாகச் சொல்லவில்லை. ஏரியில் அதுதான் வழக்கம். காற்று மாறினால் படகை எந்தக் குப்பத்தின் கரையில் வேண்டுமானாலும் விட்டுவிட்டு வேறு படகில் ஏறி வந்துவிடுவார்கள். தள்ளுகிற கழியை மட்டும் கையோடு எடுத்து வருவார்கள். பிறகு அந்தப் பக்கம் போகிற யாராவது படகைக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். காருக்குக் கழி இல்லை, சாவி இருந்தது. அதை மறக்காமல் கொண்டுவந்து உரியவரிடம் கொடுத்தாயிற்று. முறையாக நடந்துகொண்டதில் அவருக்குத் திருப்திதான். "யாராவது வர சொல்ல எத்துனு வருவாங்க" என்று ஆறுதலும் சொன்னார். சாவி இங்கே இருக்கும்போது வண்டியை எப்படிக் கொண்டுவருவார்கள் என்று பரக்கத் பீவி கேட்ட பிறகுதான் அவர் முகம் மாறியது.

விடிந்ததும் சிங்காரமே போய்க் கொண்டுவருவதாகச் சொன்னார். பரக்கத் பீவி நம்பவில்லை. வண்டியில் போன ஆள் படகில் வந்தாரே, படகில் போனால் எதில் வருவாரோ? தானும் அவரோடு படகில் கிளம்பினார். நாற்பது வருஷமாக ஏரிக்கரையில் குடியிருக்கிறவர் அன்றுதான் ஏரியில் கால் வைத்தார் என்று சொன்னால் நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும். கோடையில் வற்றிக் கிடந்த ஏரி, நடுவழியில் படகு தரை தட்டியது. எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. முழங்கால் சேற்றில் ஒரு கையால் புர்காவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் படகைத் தள்ளிக்கொண்டு, பரக்கத் பீவி சிங்காரத்தின் வம்சம் முழுவதையும் பெயர் சொல்லித் திட்டினார். சிங்காரம் தலையைக் குனிந்துகொண்டு தள்ளினார். பயம் இருந்தது அவருக்கு. பரக்கத் பீவிக்கும் பயம்தான். முன்பின் தெரியாத ஊரில், அயல் மாநிலத்தில், ராத்திரி முழுக்க நடுவுலவள் கேட்பாரற்றுக் கிடந்திருப்பாளே என்று. அவள் போனால் ஆதில் வருவதும் அதோடு போயிற்று.

கரை ஏறியதும் முதலில் தெரிந்தது கயிறு. வண்டியின் முன்புறக் கொக்கியிலிருந்து பச்சை நைலான் கயிறு ஒன்று போய்ப் பனை மரத்தில் நன்றாக இறுகக் கட்டப்பட்டிருந்தது. நான்கு சக்கரங்களுக்கும் கல் முட்டுக் கொடுத்திருந்தது. வெயில் படாமல் கண்ணாடிகள் மேல் பழைய வலையை நாலாக மடித்துப் போட்டிருந்தார்கள். உப்புக் காற்றுக்கு யாரோ நல்ல தண்ணீரில் கழுவியும் விட்டிருந்தார்கள். பக்கத்தில் பாய் விரித்துத் திவ்யாவின் மாமியார் செல்வம்மாள் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். ராத்திரி முழுக்க வீட்டு ஆண்கள் முறை போட்டு அங்கேதான் படுத்திருந்தார்களாம்.

காரை எதற்காகக் கட்டி வைத்தீர்கள் என்று பரக்கத் பீவிக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. செல்வம்மாளுக்கே அப்போதுதான் சிரிப்பு வந்தது. கைப்பழக்கம் என்றார். ராத்திரி காற்று எழும்பியதும் கட்டாமல் விட மனசு கேட்கவில்லையாம். யார் வீட்டு வண்டி என்றுகூடத் தெரியாமல் இவ்வளவு சிரமம் எதற்கு என்று இவர் விடவில்லை.

"யாருதா இருந்தா இன்னாம்மா? எங்க கரைக்கு வந்துட்ச்சு. எடுக்க ஆளு வர்ற வரிக்கும் அது எங்களுதுதான்."

பரக்கத் பீவி திட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. சோறு உண்ணாமல் கயிற்றை அவிழ்க்கவிடமாட்டோம் என்று செல்வம்மாள் பிடிவாதமாக இருந்தார். இவர் வாய்க்குப் பழக்கமில்லாத காரத்தில் நெத்திலிக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு, திவ்யாவின் தலையில் கை வைத்து துவா செய்துவிட்டுத்தான் வண்டியில் ஏற முடிந்தது.

அதனால் நேரமாகிவிட்டது. இவர்கள் வந்து சேர்ந்தபோது தேவதர்ஷினியும் ஆதிலும் தோட்டத்தில் காத்துக்கொண்டு நின்றார்கள். ஆதில் கிளிஞ்சலுக்கு நடுவில் காலியாகக் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கம்பெனி வண்டியைப் பழவேற்காட்டில் விட அனுமதி இல்லாததால், கம்பெனி அதிகாரியே பொன்னேரி வரை ரயிலிலும் பிறகு பஸ்ஸிலும் வந்திருந்தார். நடுவுலவள் உள்ளே நுழைந்தாள், கூரையில் வலை, கொக்கியில் பச்சைக் கயிறு. இறங்கிய பரக்கத் பீவியின் கால்களில் சேறு காய்ந்திருந்தது. சிங்காரம் யாரையும் பார்க்காமல் நழுவினார்.

அம்மா ஏதாவது கதை கட்டுவார் என்று ஆதில் எதிர்பார்த்திருப்பான். அவர் உள்ளதை உள்ளபடி சொன்னார். வண்டி ஒரு ராத்திரி ஆந்திராவில் கிடந்ததையும், தான் ஏரியில் படகைத் தள்ளிக்கொண்டு போனதையும், செல்வம்மாள் சொன்ன வார்த்தையையும் சொன்னார். தேவதர்ஷினி கயிற்றைக் கையில் எடுத்து முடிச்சைப் பார்த்தார். தங்கள் கம்பெனியில் விட்டுவிட்டுப் போன வண்டிக்கு இவ்வளவு காவல் கிடையாது என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். பிறகு வந்த காரியத்தைக் கேட்டார். வண்டிகள் வெளியூரில் தங்குவதற்கு அம்மா சம்மதிப்பார்களா?

பரக்கத் பீவி நடுவுலவளைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அங்கே வண்டியைப் பார்த்துக்கொள்வது யார் என்று கேட்டார். கம்பெனி என்றார் தேவதர்ஷினி. "கம்பெனின்னா யாரு? பேரு சொல்லு." கொஞ்சம் யோசித்து, விமான நிலைய நிறுத்தத்தில் பெருமாள் என்பவர் இருக்கிறார், நல்ல மனுஷர் என்றார் அந்தப் பெண். பெருமாளுக்குப் போன் போடச் சொல்லி, அவரிடம் வண்டியின் முன்கதவு கொஞ்சம் அழுத்திச் சாத்த வேண்டும் என்பதுவரை சொல்லி முடித்த பிறகுதான் சாவியை ஆதில் கையில் கொடுத்தார். மேடத்தைச் சென்னையில் இறக்கிவிடச் சொன்னார். வண்டியை எப்போது திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று பழக்கதோஷத்தில் கேட்டான் அவன்.

"வண்டி அங்கியே இருக்கட்டும். ரிஃபாவ இட்டுக்கினு நீ பஸ் ஏறி வந்துடு."

சொல்லிவிட்டு, புர்காவுக்குள்ளிருந்து முந்தானை முடிச்சை எடுத்து அவிழ்த்து, கசங்கிய நோட்டுகளை எண்ணாமல் எடுத்து, இருபத்தெட்டு வயது மகனின் சட்டைப் பையில் வைத்து, விழாமல் இருக்கப் பித்தானையும் போட்டுவிட்டார்.