குழாயடி இங்கிலீஷ்

இன்று மகளின் பொம்மை லாரியைக் கழுவியபோது எழுந்த ஈர ரப்பர் வாசனை என்னை ஊரிகத்துச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுக் குழாயடியில் கொண்டுபோய் விட்டது. தங்கச் சுரங்கம் மூடியபின் அப்பாவுக்குப் பெங்களூரில் லாரி கழுவும் வேலை கிடைத்திருந்தது. அங்கே மேலாளர் பேசியதெல்லாம் இங்கிலீஷ், புரியாதவருக்கு வேலை நிலைக்காது. அதனால் ஞாயிறு காலைகளில் ரப்பர் டயர் வைத்த என் தகர லாரிகளைச் சேற்றில் உருட்டி எடுத்துவந்து, சோப்பு நுரைக்கு நடுவே நானும் அப்பாவும் உட்கார்ந்து, இரண்டாம் வகுப்பில் நான் கற்றதைச் சொல்லச் சொல்ல, தகரத்தில் தண்ணீர் சடசடக்க, அவர் பிரஷால் தேய்த்துக்கொண்டே "மட், வீல், க்ளீன்" என்று திருப்பிச் சொல்வார்.

"இன்னாமா அது? இன்னொருவாட்டி சொல்லு" என்று என்னிடம் கேட்க அவர் கூச்சப்பட்டதே இல்லை. தெரியாததை யாரிடமும் கேட்கும் தைரியத்தை எனக்குத் தந்த அந்தக் குழாயடி இப்போது புதருக்குள் கிடக்கிறது.

ஒரு மாலை ரயிலிலிருந்து இறங்கிய அப்பா, ஸ்டேஷனிலேயே என்னைத் தூக்கிக்கொண்டார்.

"டயர் டர்ட்டின்னு சாரு கத்துனாரு. 'நோ சார், வெட்'டுன்னேன். தொட்டுப் பாத்தாரு, வெறும் ஈரம்தான். சிரிச்சிட்டு, 'குட், யூ ஸ்டே'ன்னாரு. ஸ்டேன்னா இருக்கச் சொல்றதுதானேம்மா?"

"ஆமாப்பா" என்றேன்.