உஷ் அக்கா திறந்து வைத்த கதவு

எங்கள் தையல் கம்பெனியில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவருக்கு நாங்கள் வைத்த பெயர் உஷ் அக்கா. யார் எட்டிப் பார்த்தாலும் உதட்டில் விரல் வைத்து "உஷ்" என்பார். நாங்கள் தைக்கிற கூடத்துக்கும் தொட்டில் அறைக்கும் நடுவே ஒரே ஒரு கதவு. அதன் இடுக்கில்கூடத் துணியைத் திணித்து வைத்திருந்தார். உள்ளே குண்டூசி விழுந்தாலும் கேட்கும். அவருக்கு அதில் பெருமை, எனக்கு எரிச்சல்.

காலர் தைக்கிற எங்களைக் காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை மணி அடித்துப் பால் கொடுக்க விடுவார்கள். அதை விட்டால் போச்சு. நான் ஓடிப் போகும்போதெல்லாம் என் மகள் கும்பகர்ணன் தோற்கும்படி தூங்குவாள். எழுப்பினால் சிணுங்கிக்கொண்டு வாயை இறுக்கிக்கொள்வாள். நான் மெஷினுக்குத் திரும்பிய பிறகு எழுந்து ஊரைக் கூட்டுவாள். அவளுக்குப் புட்டிப்பால்தான் கதி. எனக்கோ பால் கட்டி, ரவிக்கை நனைந்து, உயிர் போகும். போகப்போக என்னிடம் பால் குடிக்கவே முகத்தைத் திருப்ப ஆரம்பித்தாள். இந்த மாதத்தோடு வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன்.

அக்காவையும் விடவில்லை. "உங்க அமைதியை நீங்களே வச்சுக்கோங்க. என் பொண்ணு என்னை மறந்துட்டா!" என்று கத்தினேன். அதற்கும் அவர் உதட்டில் விரல்தான் வைத்தார்.

அந்த வாரம் மழையில் கதவு உப்பித் தரையில் உரசியது. தச்சர் வந்து கழற்றினார். காலை முழுக்க மெஷின் சத்தம் நேராக உள்ளே போனது. ஒரு குழந்தை கண்ணை மூடினால் இன்னொன்று அலறியது. நேரமும் இல்லை, காலமும் இல்லை. மதியம் தச்சர் கதவை வாசலில் சாய்த்துவிட்டுச் சாப்பிடப் போனார். பாதி வழி அடைபட்டது, சத்தமும் பாதியானது. குழந்தைகள் அசந்து தூங்கின. நன்றாகத் தூங்கிய பிறகு ஒன்று அழுதது, பக்கத்துத் தொட்டில் அழுதது, அப்படியே வரிசையாக எல்லாம் எழுந்தன. சேர்ந்து குடித்தன, சேர்ந்தே தூங்கின.

வேறு யாராவது என்றால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். அக்கா உட்கார்ந்து யோசித்தார்.

"தூங்கி முடிச்ச குழந்தைக்கு லேசா ஒரு சத்தம் போதும், எழுந்துடும். அது அழுதா, பக்கத்துல தூங்கி முடிச்சதும் எழுந்துடும். இப்பத்தான் கண்ணசந்தது அசையாது," என்றார் என்னிடம். "சத்தமே இல்லேன்னா ஒவ்வொண்ணும் அதது இஷ்டத்துக்கு எழுந்திருக்கு. சத்தம் ரொம்ப ஆச்சுன்னா ஒண்ணுமே தூங்கறதில்ல. நான்தான் அமைதி அமைதின்னு உங்க வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டேன்."

தான் பெருமைப்பட்ட ஒன்றைத் தானே தூக்கிப் போட எத்தனை பேருக்கு மனசு வரும்? எனக்கு வராது.

தச்சர் கதவை மாட்டியதும் அக்கா தாழ்ப்பாள் போட விடவில்லை. ஒரு நாள் ஒரு சாண் திறந்து வைத்தார், மறுநாள் நாலு விரல். அகலமாக்கினால் பால் மணிக்கு ரொம்ப முன்னாலேயே எழுந்தன, குறுக்கினால் மணி அடித்த பிறகும் தூங்கின. தொட்டில்களை நெருக்கிப் போட்டார்.

"அக்காவுக்குக் குழந்தையை எழுப்புறதுக்கா சம்பளம்?" என்று கூடமே சிரித்தது.

"சிரிங்க, சிரிங்க. காசா பணமா," என்றார், கதவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாதக் கடைசியும் வந்தது. மணி அடிப்பதற்குச் சற்று முன்பு, மெஷின் சத்தத்தையும் மீறி ஒரு அழுகை கேட்டது. பின்னாலேயே இன்னொன்று, அதன் பின்னால் ஒரு கூட்டம். அதில் என் மகளின் குரல் எனக்குத் தனியாகத் தெரிந்தது. மணி அடித்ததும் ஓடினேன். கண்ணை அகலத் திறந்து, காலை உதைத்து, பசியில் சிவந்து கிடந்தாள். என்னைப் பார்த்ததும் அழுகை இரண்டு மடங்கானது. மடியில் போட்ட நொடியில் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்காமல் குடித்தாள். நான் அழுதேன். அக்கா இரண்டு தொட்டில் தள்ளி யாருக்கோ துணி மாற்றிக்கொண்டிருந்தார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் மெஷினுக்குத் திரும்பியபோது சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்றார். "இன்னைக்குத்தானேம்மா கடைசி நாள்?"

"யாருக்கு சார்?" என்று கேட்டுவிட்டு அடுத்த காலரை எடுத்தேன்.