மாதம் இன்னும் முடியவில்லை

ஓயுகி கைகழுவும் தொட்டிக்கு வந்தால் தலையைத் தூக்க மாட்டார். முழங்கைவரை சோப்புப் போட்டு, நகக்கண்ணைத் தேய்த்து, குனிந்தபடியே நகர்ந்து முடி மறைக்கும் வலைத்தொப்பியை மாட்டிக்கொள்வார். தொட்டிக்கு நேர் மேலே சுவரில் அவருடைய படமே தொங்கும். கீழே 'இந்த மாதத்தின் சிறந்த ஊழியர்' என்று எழுதியிருக்கும். பின்னால் வரிசையில் நிற்கும் நாங்கள் படத்தைப் பார்த்து, "பெரியவரே, ராத்திரி நல்லாத் தூங்குனீங்களா?" என்று நலம் விசாரிப்போம். நிஜ ஓயுகி காதில் விழாததுபோல் ரப்பர் பூட்ஸுக்குள் காலை நுழைப்பார்.

கிசுமு நகரத்து ஏரிக்கரையில், மீனின் சதையை எடுத்து ஐஸில் அடுக்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழிற்சாலை எங்களுடையது. முள்ளும் தலையும் வாசலில் காத்திருக்கும் பெண்களுக்குப் போகும், பொரித்து விற்பார்கள். மாதாமாதம் படம் மாற்றியவர் ஆபீஸ் அம்மா. ஏரியில் மீன் குறைந்ததும் முதலில் வேலை போனது அவருக்குத்தான். அப்போது படச்சட்டத்துக்குள் இருந்தவர் ஓயுகி. அதனால் மாதங்கள் மாறியும் அவர் மாறவில்லை.

வேறொருவர் என்றால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்திருப்பார். ஓயுகிக்கு அது சுமை. எதைப் பேசினாலும் "எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன்" என்று ஆரம்பிப்பது அவர் வழக்கம். ஒருநாள் கத்தியைத் தீட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன். அந்த ஒரு மாசம் நான் நல்லா வேலை செஞ்சிருப்பேன். அதுக்காக இப்ப தெனமும் செய்ய வேண்டியதாப் போச்சு." காய்ச்சலோடும் வந்தார். யாரையும் திட்டுவதை விட்டார்.

மீன் லாரி வராத நாட்களில் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்போம். மத்தியானம் அரை நாள் கூலியோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மூடப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு, விற்கப்போகிறார்கள் என்று இன்னொன்று. "நீதானே சிறந்த ஆளு, போய்க் கேட்டுட்டு வா" என்று ஓயுகியைத் தள்ளிவிட்டோம். போனார். வெகுநேரம் கழித்து வந்தார்.

"மேனேஜருக்கே ஒண்ணும் தெரியாதாம்."

"இதுக்கா இவ்வளவு நேரம்?"

"டீ குடுத்தாரு. பாவம், அவரும் பேச ஆள் இல்லாமத்தான் உக்காந்திருக்காரு. படத்த மாத்தலாமான்னு கேட்டேன். செலவு வைக்காம என்ன வேணாப் பண்ணிக்கோன்னுட்டாரு."

மறுமாதம் சட்டத்தில் ஐஸ் உடைக்கும் ஆளின் படம் இருந்தது. மதியம் நாங்கள் உகாலிக் களியைப் பிட்டு வாயில் போடும் நேரத்தில் ஓயுகி எழுந்து நின்று, அவரை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று காரணம் சொன்னார். இரண்டே வாக்கியம். சிரித்தோம். அதற்கடுத்த மாதம் வேறொருவர். சிரிப்பு குறைந்தது. நானும் ஒரு மாதம் தொங்கினேன். என்ன காரணம் சொன்னார் என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. அன்று என் மனைவி அதை மூன்று முறை சொல்லச் சொன்னாள்.

பிறகு அபியெரோவின் மாதம் வந்தது. தரை கழுவும் பெண்; எங்கள் எல்லோரையும்விட இளையவள்.

"நானா? நான் மீனத் தொடுறதுகூட இல்லியே."

"நீ கழுவுறதாலதாம்மா கத்தியும் கையுமா நடக்குற நாங்க வழுக்கி விழாம இருக்கோம்."

அவள் முகத்தை முன்னங்கியால் மூடிக்கொண்டாள். அந்த மாதம் பாதிகூட ஆகவில்லை. ஆட்குறைப்புப் பட்டியல் வந்தது. மீன் வெட்டும் மேசைகளில் ஒன்றை நிறுத்துகிறார்கள். தரை கழுவுகிறவர்களில் ஒருவர் போதும். அபியெரோவுக்கு மாதக் கடைசி வரைதான் வேலை.

மேனேஜரே இறங்கி வந்தார். "ஓயுகி, அந்தப் படத்தக் கழட்டிருங்க. நல்லாருக்காது. நாமளே புகழ்ந்து மாட்டிட்டு நாமளே வீட்டுக்கு அனுப்புற மாதிரி இருக்கு."

ஓயுகி கத்தியைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன், சார். யார வச்சுக்கிறது, யார அனுப்புறதுங்கிறது உங்க பட்டியல். இந்த மாசம் யாரு நல்லா வேலை செஞ்சாங்கங்கிறது வேற. மாசம் இன்னும் முடியல."

"அடுத்த பட்டியல்ல யாரு இருப்பாங்கன்னு எனக்கே தெரியாது, ஓயுகி."

"உங்களுக்குத் தெரியாதுன்னு தெரியும், சார்."

மேனேஜர் தொட்டிக்குப் போனார். எதையும் தொடாத கையை நிதானமாகக் கழுவினார். நிமிர்ந்து படத்தைச் சற்று நேரம் பார்த்தார். போய்விட்டார். படம் அங்கேயே இருந்தது.

கடைசி நாள் அபியெரோ பையோடு வந்து நின்றாள். "அண்ணே, அந்த போட்டோவ எடுத்துக் குடுங்க. எங்கிட்ட இருந்த போட்டோ அது ஒண்ணுதான். வேற எடத்துல வேலை கேக்கப் போனா வேணும்."

ஓயுகி ஆணியிலிருந்து சட்டத்தை இறக்கி, பின்பக்கம் திறந்து, படத்தை ஓரம் மடங்காமல் எடுத்துக் கொடுத்தார். அவள் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு, விடைபெறக் கையை நீட்டினாள்.

அவர் முன்னங்கியில் வலது கையை இரண்டு பக்கமும் துடைத்தார். பிறகு, நாங்கள் மாமனாருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் செய்வதுபோல, இடக்கையால் தன் வலது முழங்கையைத் தாங்கி, சற்றுக் குனிந்து, அவள் கையைப் பற்றினார்.