கொசுறாக வந்த பெட்டி

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சொன்ன விலைக்கு எதையும் வாங்க மாட்டேன். ஈரோட்டில் எங்கள் அப்பாவுக்கு ஜவுளிக் கடை. விலை கேட்டுவிட்டு எழுந்து போகிறவர் நிஜமாகவே போகிறாரா, பாவலா காட்டுகிறாரா என்று கல்லாவில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார். அந்த வித்தையைக் கற்றுக்கொண்டு வாங்குகிற பக்கம் வந்து நின்றவன் நான். டெக்சஸுக்கு வந்து பதினெட்டு வருஷமாகியும் விடவில்லை. மெத்தை, கார், பல் டாக்டர் பில், எதையும் விட்டுவைத்ததில்லை. நான் வாயைத் திறந்தாலே என் மனைவி பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டு, இந்த ஆள் யாரோ எவரோ என்கிற முகத்தோடு போனைப் பார்ப்பாள்.

என் நண்பன் அப்படி இல்லை. அவனும் காசில் கெட்டிதான், ஆனால் பேரம் பேச வாய் வராது. விலை அதிகம் என்றால் பேசாமல் திரும்பி வந்துவிடுவான். காலேஜில் நாலு வருஷம் ஒரே அறையில் இருந்தோம். அவன் வாழ்க்கையில் வாங்கிய முக்கால்வாசிப் பொருளுக்கு நான்தான் கூடப் போயிருக்கிறேன். டெக்சஸிலும் அரைமணி நேரத் தூரத்தில்தான் இருந்தோம். நான் ஃபிரிஸ்கோவில் வீடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவனும் அவன் மனைவியும் இர்விங்கில் பழைய அபார்ட்மெண்ட்டிலேயே இருந்தார்கள்.

கொரோனா வந்த முதல் வசந்த காலம் அது. கடைகளில் டாய்லெட் பேப்பர் இல்லை, நம் ஊர் மளிகைக் கடையில் பொன்னி அரிசி மூட்டைக்கு ஒரே வாரத்தில் விலையை ஏற்றிவிட்டார்கள். கடைக்காரரை வாயில் வந்தபடி திட்டினோம். திட்டிக்கொண்டே இரண்டு மூட்டையாக எடுத்துக் காரில் போட்டோம். விலை ஏறுகிறது என்றால் நாளைக்குக் கிடைக்காது என்று அர்த்தம். தங்கத்தில் கற்ற பாடத்தை நம் ஆட்கள் எல்லாவற்றிலும் போட்டுப் பார்ப்பார்கள்.

துப்பாக்கியிலும் போட்டுப் பார்த்தார்கள். வாட்ஸப் குழுவில் ஒருவர், ஜனங்கள் வேலை போய்ப் பட்டினி கிடந்தால் முதலில் இந்தியர்கள் வீட்டைத்தான் உடைப்பார்கள், தங்கம் இருக்கும் என்று தெரியும், என்று எழுதினார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த நாள் இன்னொருவர், துப்பாக்கிக் கடைகளில் விலை கண்டபடி ஏறிவிட்டது, தோட்டா எங்கேயும் இல்லை, ஆளுக்கு ஒரு பெட்டிதான் தருகிறார்கள், என்று போட்டார். அதற்குப் பிறகுதான் எல்லாருக்கும் நிஜமான பயம் வந்தது. எறும்பைக்கூட மிதிக்காத, செவ்வாய் வெள்ளி முட்டை தொடாத ஆட்களெல்லாம் எந்தக் கடையில் வரிசை சிறியது என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

என் நண்பனும் போனான். அவர்கள் அபார்ட்மெண்ட்டில் இரண்டு கார்களின் கண்ணாடியை யாரோ உடைத்திருந்தார்கள். போய் வெறுங்கையோடு திரும்பி வந்து எனக்கு போன் செய்தான். போன மாசத்தைவிட நூற்றெண்பது டாலர் ஏற்றி வைத்திருக்கிறான், அநியாயம், எனக்கு வேண்டாம் என்றான். அவன் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. இப்போது யோசித்தால் தெரிகிறது. அப்போது என் காதில் விழுந்தது விலை மட்டும்தான்.

“விலைதான் பிரச்சனையா? கெளம்பி இரு, நான் வரேன்” என்றேன்.

சனிக்கிழமை காலையில் போனோம். கடை வாசலிலிருந்து பார்க்கிங் முழுக்க ஆறடிக்கு ஒருவராக வரிசை. ஆஸ்பத்திரி உடுப்போடு ஒரு பெண், ஒரு கிழவர், புதுசாகக் கல்யாணமான மாதிரி ஒரு ஜோடி. எல்லாரும் கடைக்காரரைத் திட்டினார்கள். ஒருவர், இருபது வருஷமாக இங்கேதான் வாங்குகிறேன், எனக்கே இந்த விலையா என்று உள்ளே போய்ச் சத்தம் போட்டார். ஐந்து நிமிஷம் கழித்து அதே விலையைக் கொடுத்துவிட்டுப் பையோடு வெளியே வந்தார். முகத்தில் கோபமே இல்லை. கிடைத்துவிட்ட சந்தோஷம்தான் இருந்தது. அரிசி மூட்டையைத் தூக்கிப்போன எங்கள் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

எங்கள் முறை வந்தது. கடைக்காரர் வயதான மனிதர், முகக்கவசம் மூக்குக்குக் கீழே தொங்கியது. கேட்டால், மொத்த வியாபாரி எனக்கு ஏற்றிவிட்டான், நான் என்ன செய்வேன் என்றார். இந்தப் பாட்டை நான் தொட்டிலிலேயே கேட்டவன். என் நண்பன் போன தடவை பார்த்து வைத்த துப்பாக்கியை எடுத்துக் காட்டினார். பெட்டியின் மேல் விலைச் சீட்டு. அதன் ஓரம் கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தால் கிள்ளி உரித்தேன். அடியில் பழைய சீட்டு, பழைய விலை.

ஆஹா, என்னைப் பிடிக்க முடியுமா? பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கி, வாசல்வரை வரிசையில் நின்றவர்களுக்குக் காட்டினேன். இது விலை ஏறுவதற்கு முன்னால் வாங்கி வைத்த சரக்கு, இதற்கும் மொத்த வியாபாரிக்கும் என்ன சம்பந்தம் என்று என் ஈரோட்டு இங்கிலீஷில் கேட்டேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆஸ்பத்திரிப் பெண் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். கவுண்டரில் நின்ற இன்னும் இரண்டு பேர் தங்களுக்கு எடுத்துக் காட்டியிருந்த பெட்டிகளின் சீட்டைக் கிள்ளிப் பார்க்க ஆரம்பித்தார்கள். கடைக்காரருக்கு என்னை வெளியே அனுப்பினால் போதும் என்றாகிவிட்டது. பழைய விலைக்கே எடுத்துக்கொண்டு போ என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கத்திரிக்காய் வாங்கினால் கறிவேப்பிலை கொசுறு கேட்காமல் நகர்ந்து பழக்கமில்லாத புத்தி. தோட்டா தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும், ஆனால் அன்றைக்கு இல்லை, திங்கட்கிழமை வா என்றார் கடைக்காரர். தோட்டா இல்லாமல் இதை வைத்துக்கொண்டு சப்பாத்தியா தேய்ப்பான் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உள்ளே போய், யாருக்கோ எடுத்து வைத்திருந்த ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து பையில் போட்டார். காசு வாங்கவில்லை.

அவன் ஃபார்ம் நிரப்பினான். அவன்மேல் வழக்கு ஏதும் உண்டா என்று கடைக்காரர் போனில் சரிபார்த்தார். கிரீன் கார்டு இருந்ததால் சிக்கல் ஏதும் வரவில்லை. காரில் திரும்பும்போது அவன் பையை மடியில் வைத்துக்கொண்டு, நான் கடைக்காரரைப் பேசியதை நினைத்து நினைத்துச் சிரித்தான். காலேஜில் சிரிப்பது மாதிரியே, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். “நீ இல்லன்னா இத நான் வாங்கியே இருக்க மாட்டேன்டா” என்றான். நான் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டேன். அப்புறம் ஒரு மாதத்துக்கு போனில் யார் கிடைத்தாலும் இந்தக் கதையைத்தான் சொன்னேன். அவன் மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை. அவளுக்கு அது வீட்டில் இருப்பதே பிடிக்காது, நீ கூட வந்தது தெரிந்தால் உன்னையும் திட்டுவாள், விடு என்று அவன் சொல்லியிருந்தான்.

அடுத்த ஜனவரியில் அவனுடைய வேலைக் காண்ட்ராக்ட் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் இல்லை. தினமும் காலையில் குளித்து, சட்டை போட்டு, ஹெட்செட் மாட்டிக்கொண்டு, அணைந்த லேப்டாப் முன்னால் உட்கார்ந்து இல்லாத மீட்டிங்கில் பேசியிருக்கிறான். அவள் சத்தம் போடாமல் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் துணி துவைக்க லாண்டரி அறைக்குப் போயிருந்த நேரத்தில் இறந்துபோனான். அந்தத் துப்பாக்கியால்தான்.

நான் போனபோது போலீஸ்காரர் ஒருவர் அவளிடம் மெதுவாகக் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். வீட்டில் தோட்டா அந்த ஒரு பெட்டிதான், வேறு எதுவும் இல்லை என்று இன்னொருவர் வந்து சொன்னார். வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். பாவி, கேட்டு வாங்கினாயே, கேட்டு வாங்கினாயே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். துக்கத்தில் உளறுகிறேன் என்று பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஊருக்குப் போக அவள் மறுத்துவிட்டாள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு டேகேரில் வேலைக்குச் சேர்ந்தாள். ஃப்ரீவேயில் கார் ஓட்டப் பயம், அதனால் சனிக்கிழமைதோறும் நான் போய் அவளை மளிகைக்கும் கோயிலுக்கும் கூட்டிப் போவேன். என் மனைவி குழம்பு வைத்துக் கொடுத்தனுப்புவாள். ஒரு வருஷம் இப்படிப் போயிற்று. அண்ணா மாதிரி யார் செய்வார்கள் என்று அவள் கோயிலில் ஒரு ஆன்ட்டியிடம் சொன்னதைக் கேட்டேன். அன்று ராத்திரி சொல்லிவிடட்டுமா என்று மனைவியைக் கேட்டேன். சொல்லி என்ன ஆகப்போகிறது, அவளுக்கு இருக்கிறது போதாதா என்றாள். எனக்கும் அது வசதியாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை மளிகை வாங்கிக்கொண்டு திரும்பும்போது அவளாகவே பேச ஆரம்பித்தாள்.

“ஒண்ணு மட்டும் எனக்குப் புரியவே இல்லண்ணா. மொதல்ல போயிட்டு, வெல ஜாஸ்தி, வேணாம்னு வந்துட்டார். நான் சாமிக்கு வெளக்கு ஏத்தினேன். அடுத்த வாரமே போய் வாங்கிட்டு வந்து நிக்கறார். அவரு ஒரு செருப்பு வாங்கவே மூணு கடை ஏறி எறங்குவார். அவ்ளோ வெல கொடுத்து வாங்கியிருக்கார்னா, அப்பவே மனசுல முடிவு பண்ணிட்டார்னுதானே அர்த்தம்? பதினோரு மாசம் பக்கத்துலயே இருந்திருக்கேன். எனக்குத் தெரியல பாருங்க.”

ஒரு வருஷமாக அவள் இதைத்தான் நினைத்து நினைத்து வெந்துகொண்டிருந்திருக்கிறாள். நான் வாயைத் திறக்காததால் வந்த வினை. காரை ஃப்ரீவேயிலிருந்து இறக்கி, ஒரு வங்கியின் காலி பார்க்கிங்கில் நிறுத்தினேன்.

“அவன் அவ்ளோ வெல கொடுக்கலம்மா” என்றேன். “நான்தான் கூடப் போய்க் கொறைச்சேன்.”

எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டைக் கிள்ளியது, வரிசை சிரித்தது, தோட்டாப் பெட்டியைக் கேட்டு வாங்கியது. அதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது, அதையும் சொன்னேன். அவள் மடியில் இருந்த கொத்தமல்லிக் கட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கு அவரு எப்டி இருந்தார்?” என்று கேட்டாள்.

“நல்லாத்தாம்மா இருந்தான். வழியெல்லாம் சிரிச்சுட்டே வந்தான். அவன் மனசுல அன்னிக்கு ஒண்ணுமே இல்ல. நான் சத்தியம் பண்றேன்.”

அவள் அழுதாள். இறந்த அன்றைக்கும் தகனத்தன்றைக்கும் இப்படி அழுது நான் பார்க்கவில்லை. தேற்றவே முடியாத அழுகை, ஆனால் ஏதோ ஒன்று கழன்று விழுகிற மாதிரியும் இருந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதையும் கேட்டு வாங்க வேண்டுமா என்று இருந்தது.

அபார்ட்மெண்ட் வாசலில் நிறுத்தியதும் நான் வழக்கம்போலப் பின்கதவைத் திறந்து அரிசி மூட்டையைத் தூக்கப் போனேன். அவள் என் கையை விலக்கிவிட்டு, தானே இழுத்து இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். இருபது பவுண்டு.

“நீங்க சொன்னது நல்லதுண்ணா. எனக்கு இத்தன நாள் தூக்கமில்ல” என்றாள். பிறகு, “இனிமே சனிக்கிழமை வராதீங்க” என்றாள்.

சரிம்மா என்றேன்.